அடுப்பு அணைந்த செவ்வாய்க்கிழமை

சுவரில் நான் வைத்த வெள்ளைப் பொட்டு இரண்டாகப் பிளந்திருந்தது.

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். ஒரு காலில் மட்டும் சேஃப்டி ஷூ. கடையின் சமையல்கட்டில் மாஸ்டர் முதல் ஈடு இட்லியை இறக்கிக்கொண்டிருந்தார். ஆவி கலைந்ததும் வாசற்படி ஓரத்துச் சுவரைப் பார்த்தேன். முந்தின நாள் மாலை விரிசலின் குறுக்கே அப்பிய பிளாஸ்டர் பொட்டு. அதன் நடுவில் தலைமுடி போல ஒரு கோடு.

நகத்தால் தடவினேன். கோட்டுக்கு ஒரு பக்கம் மேடாகவும் மறு பக்கம் பள்ளமாகவும் தட்டுப்பட்டது. பொட்டு பிளந்தால் சுவர் விரிகிறது என்று பொருள். மேடு பள்ளம் தெரிந்தால், சுவரின் ஒரு பாதி கீழே இறங்குகிறது என்று பொருள்.

"என்னம்மா, சுவத்தக் கொசு கடிச்சிருக்குதா?" என்றார் மாஸ்டர்.

நான் சிரிக்கவில்லை. அவர் நின்ற இடத்துக்கு நேர் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூளையைப் பற்றிப் போன வாரம் நான் இங்கே எழுதியதைப் படித்துவிட்டு, "உனக்குப் பயமே கிடையாதா?" என்று ஒரு தோழி கேட்டாள். நான் வேலை பார்க்கும் பீங்கான் யூனிட்டின் சூளையில் எனக்குப் பயமில்லை. அங்கே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல வெப்பமானி இருக்கிறது. கூடினால் கூவும், குறைந்தால் கூவும். நான் பயந்ததெல்லாம் எங்கள் சொந்தக் கடையின் சுவருக்குத்தான். அது எதுவும் சொல்லாது.

ஒரு இலை

விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து ஊருக்குள் வரும் சாலையில் இருக்கிறது எங்கள் கடை. பெயர்ப்பலகை கிடையாது. ஜங்ஷன் கடை என்றால் ஆட்டோக்காரர்கள் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். ரயில் பாதை போட வந்தவர்களுக்குச் சோறு போட்டு ஆரம்பித்த கடை என்று அப்பா சொல்வார். சான்று என்று காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. தேக்கு உத்தரமும், ஒரு முழத்துக்கு மேல் தடித்த செங்கல் சுவரும், அந்தச் சுவருக்குள்ளேயே ஏறிப் போகும் புகைபோக்கியும்தான் உண்டு. கடைக்கு எத்தனை வயது என்று கேட்டால் அப்பா ஆளுக்கொரு எண் சொல்வார். கேட்பவர் வெளியூர் என்றால் எண் சற்றுக் கூடும்.

ஒன்றை மட்டும் அவர் மாற்றிச் சொன்னதில்லை. கடை ஒரு நாளும் மூடியதில்லை.

இதற்கு எங்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. ஒரு நாளில் வெளியாள் ஒருவரை உட்கார வைத்து, ஓர் இலை போட்டு, ஒரு வேளை பரிமாறிவிட்டால் அன்று கடை திறந்ததாக அர்த்தம். வீட்டு ஆட்கள் சாப்பிட்டால் சேராது. பார்சல் சேராது. ஒரு ஆள் உட்கார வேண்டும், இலை விரிய வேண்டும்.

மணிமுத்தாற்றில் வெள்ளம் வந்த ஆண்டு சாலையில் ஆளே இல்லை. அப்பா முட்டளவு தண்ணீரில் ஸ்டேஷனுக்கு நடந்துபோய், நின்றுபோயிருந்த ரயிலிலிருந்து ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவர் வடக்கத்திக்காரர். எதற்காகத் தன்னை இழுத்துப்போகிறார்கள் என்று தெரியாமலே உட்கார்ந்து சாப்பிட்டார். ஊரடங்கு காலத்தில் அந்த இலையில் உட்கார்ந்தவர் ஒரு போலீஸ்காரர். கடையைத் திறக்கக் கூடாது என்று எச்சரிக்க வந்தவர் அவர்தான்.

அம்மா இறந்த அன்றும் இலை விழுந்தது.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் பீங்கான் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக் கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். அப்பா எழுந்து பக்கத்திலிருந்த கடைக்குப் போனார். அடுப்பைப் பற்றவைத்து, ஓர் ஈடு ஊற்றி, தெருவில் போன ஒருவரைக் கூப்பிட்டுப் பரிமாறினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். என் மாமா அன்றைக்கு அவரோடு பேச்சை நிறுத்தியவர், இன்றுவரை பேசவில்லை. நானும் பல மாதம் சரியாகப் பேசவில்லை.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த ஒரு நாளுக்குப் பிறகு, கடையை மூடுவது என்பது அப்பாவுக்கு வேறொன்றாக ஆகிவிட்டது. அம்மாவுக்காகவே மூடாத கடையை இனி எதற்காக மூட முடியும்?

உலகத்துக் கடைகள்

மங்கலம்பேட்டை காதர் பாய் அப்பாவோடு பள்ளியில் படித்தவர். அங்கே துணிக்கடை வைத்திருக்கிறார். விருத்தாசலம் வரும் நாளெல்லாம் காலை டிபன் எங்கள் கடையில்தான். அவர் மகன் துபாயில் இருக்கிறான். அவன் அனுப்பிய ஒரு வீடியோவைக் காதர் பாய் ஒரு நாள் கல்லா மேஜைமேல் வைத்து ஓட்டினார். உலகத்திலேயே பழைய உணவகங்கள், இன்றுவரை நடப்பவை.

ஆஸ்திரியாவில் ஒரு மடத்தின் பாறைச் சுவரை ஒட்டி ஒன்று. சீனாவில் கோழிக்கறிக்குப் பேர்போன ஒன்று. ஜப்பானில் நூடுல்ஸ் பிசையும் ஒரு குடும்பம். ஸ்பெயின் தலைநகரில் ஒரு கடை. அங்கே விறகு அடுப்பு கட்டிய நாளிலிருந்து அணைந்ததே இல்லை என்கிறார்கள்.

"யோவ் ராமலிங்கம், இங்க பாரு. அடுப்பையே அணைக்கலயாம். நீ என்னமோ நாளுக்கு ஒரு எலன்னு பீத்திக்கிறியே" என்றார் காதர் பாய்.

"எலதான்யா கடை. அடுப்பு என்னா அடுப்பு."

"எலய அடுத்த நாளு மாடு தின்னுடும். அடுப்புன்னா கேமராவுல காட்டலாம்ல?"

அப்பா சிரித்துவிட்டு வடைத் தட்டை நகர்த்தினார். நானும் மறந்துவிட்டேன்.

பிறகு நானாகவே அந்தக் கடைகளைப் பற்றித் தேடிப் படித்தேன். எதையும் வரிசை போட்டுப் பார்ப்பது என் வழக்கம். 'தொடர்ந்து' என்ற ஒரு சொல்லில்தான் எல்லோருக்கும் சண்டை. போரில் மூடிக் கிடந்தது, தீயில் எரிந்து மறுபடி கட்டியது, கைமாறியது, வேறு தெருவுக்குப் போனது. இதையெல்லாம் சேர்க்கலாமா, கழிக்க வேண்டுமா என்று ஆளுக்கொரு நியாயம். எங்கள் குடும்பத்தின் ஒரு இலை முறையும் அப்படி ஒரு நியாயம்தான் என்று அன்று தோன்றியது.

அப்பா வேறொன்றைப் படித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அதுவரை ராத்திரி கடை முடிந்ததும் விறகை இழுத்துவிடுவோம். விடியும்வரை அடுப்பு ஓய்வெடுக்கும். அந்த வாரத்திலிருந்து அவர் விறகை இழுப்பதை நிறுத்திவிட்டார். முந்திரிக் கட்டைகளில் பெரிதாகப் பார்த்து உள்ளே தள்ளிவிட்டுப் படுப்பார். அது கனிந்துகொண்டே இருக்கும். காலையில் கடைக்குள் நுழைந்தால் முகத்தில் வெப்பம் அடிக்கும்.

காதர் பாயின் மகன் சும்மா இருக்கவில்லை. பழைய கடைகளைப் படமெடுத்துப் போடும் யாருக்கோ எங்கள் கடையைப் பற்றி எழுதிவிட்டான். அவர்கள் போன் செய்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். அடுப்பைப் பற்றியும் கேட்டார்கள்.

"அதுவும் அணஞ்சதில்ல சார்" என்று அப்பா சொன்னது என் காதில் விழுந்தது.

அடைத்த விரிசல்

விரிசல் உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஆரம்பித்து, சாய்வாக இறங்கி, சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள வாசற்படியில் முடிந்தது. அந்த உத்தரம்தான் கூடத்தின் தளம் முழுவதையும் தாங்குகிறது. அதன் ஒரு முனை தெருப்பக்கச் சுவரில், மறு முனை அடுப்புச் சுவரில்.

ஏணி வைத்து ஏறிப் பார்க்கப் போனேன். அனலில் பாதி ஏணிக்கு மேல் முகத்தைக் கொண்டுபோக முடியவில்லை. வறுத்த காப்பிக்கொட்டை போல ஒரு வாசனை. சமையல்கட்டு வாசனை என்று நினைத்து இறங்கிவிட்டேன்.

எங்கள் யூனிட்டில் வாஷ்பேசின் செய்கிறோம். அச்சுகள் எல்லாம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அதற்கு இழுபடத் தெரியாது. கொஞ்சம் அசைந்தாலும் உடையும். அதனால்தான் கை எட்டும் இடத்தில், சூடு குறைந்த பக்கத்தில், பொட்டு வைத்தேன். அது உடைந்தது. பக்கத்தில் இன்னொன்று வைத்தேன். அதுவும் உடைந்தது.

பயம் வந்தால் நான் மனதுக்குள் வரிசை போடுவேன். விழுந்தால் முதலில் எது விழும், அப்போது கீழே யார் யார். மாஸ்டர். அப்பா. ரயிலைவிட்டு இறங்கிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு பொங்கல் சாப்பிடும் யாரோ. யூனிட்டில் பேசின்களைத் தட்டித் தட்டி விரிசல் பார்க்கும்போதுகூட அந்த வரிசை ஓடியது. நல்ல பேசின் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது சொத்தென்று அடங்கிவிடும். இந்தச் சுவரைத் தட்டிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

இரண்டாவது பொட்டு உடைந்த மறுநாள் மாலை கடைக்கு வந்தேன். சுண்ணாம்பு வாசனை. சுவர் முழுக்க வெள்ளை. விரிசலைக் காணோம்.

அப்பா ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். "பாத்தியா பாப்பா? ஒன்னோட பொட்டுலாம் தாங்கல. நான் பயர் கிளே வாங்கியாந்து நல்லா கெட்டியா அடச்சுட்டேன். படம் புடிக்க வர்றாங்கல்ல, வெள்ளையும் அடிச்சுட்டேன்."

தெருவுக்குத் தெரு பீங்கான் யூனிட் இருக்கும் எங்கள் ஊரில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு இது. வேறு ஊரில் சுவர் வெடித்தால் கொத்தனாரைக் கூப்பிடுவார்கள். விருத்தாசலத்தில், "யாரு வூட்டுல பயர் கிளே இருக்குது?" என்று சூளைக்குப் பூசும் மண்ணைக் கேட்பார்கள். தண்ணீர்த் தொட்டி, துளசி மாடம், அம்மி, மதிற்சுவர் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு யூனிட்டில் மிஞ்சிய மண்ணோ பிளாஸ்டரோதான் மருந்து. விரிசலை ஒட்டிவிட்டால் போயிற்று என்று எல்லோரும் நம்புகிறோம். அதை வைத்துத்தானே ஊரே பிழைக்கிறது?

"அப்பா, அந்தப் பொட்டு சுவர ஒட்ட வெக்க இல்ல. சுவரு நகருதான்னு பாக்க."

"நகந்தா ஒட்ட வெக்கணுமா வேணாமா?"

"இப்ப நகருதா இல்லயான்னு எப்படிப்பா தெரியும்?"

"தெரியாததுக்கு ஏன் பயப்படற?" என்றார் அவர், உண்மையிலேயே புரியாமல்.

அன்றிலிருந்துதான் என் பயம் முழுதாக ஆரம்பித்தது. விரிசல் தெரிந்தவரை அதன் அளவாவது தெரிந்தது. இப்போது ஒரு வெள்ளைச் சுவர், அவ்வளவுதான்.

முட்டுக் கொடுக்க ஆள்

கொத்தனார் ஏழுமலையைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் பெண்ணாடத்தில் ஒரு வீட்டு வேலையில் இருந்தார். கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். உத்தரத்தின் தெருப்பக்க முனையையும் அடுப்புப்பக்க முனையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தான் நின்ற இடத்திலிருந்து இரண்டடி பின்னால் நகர்ந்தார். அந்த நகர்தல் எனக்குப் போதுமாக இருந்தது.

"புதன்கெழம காலைல முட்டு எடுத்தாறேன். அதுக்கு முன்ன அடுப்பு ஆறி இருக்கணும். அந்த அனல்ல ஏணி ஏறி என்னால முட்டு வெக்க முடியாது" என்றார்.

அடுப்புச் சுவர் ஆற ஒரு முழு நாளாவது வேண்டும். திங்கள் மாலை அணைத்தால் செவ்வாய் முழுக்கக் கடை கிடையாது. கூடத்திலும் யாரும் உட்கார முடியாது.

அப்பா கல்லாவில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கொத்தனார் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"ஒங்க யூனிட்டு சூளய மட்டும் வருசம் பூரா அணைக்காம வெச்சிருக்கீங்களே? அணச்சா கல்லு வெடிக்கும்னு நீதான சொன்ன?"

"அதுக்குக் கீழ ஒக்காந்து யாரும் இட்லி சாப்புடறதில்லப்பா."

பக்கத்து மேஜையில் காதர் பாய் புரையேறிச் சிரித்தார். "இன்ஜினியரம்மா போட்டாங்கய்யா ஒரு போடு."

"நீ சும்மா இருய்யா. ஒன்னாலதான் எல்லாம்."

"நானா ஒன் வூட்டுச் சுவத்த வெடிக்க வெச்சேன்?"

அப்பா சிரிக்கவில்லை. "ஒங்கம்மா போன அன்னைக்கே மூடல" என்றார் என்னிடம், குரலை இறக்கி. "ஒரு வெடிப்புக்கு மூடணுமா?"

நான் கணக்கைத்தான் பேசினேன். அடுப்பு அணைந்தால் கடை மூடியது என்று நம் முறையில் இல்லை; இலைதான் முறை. செவ்வாய்க்கிழமை பக்கத்து மனையில் தார்ப்பாய் கட்டி, கேஸ் அடுப்பு வைத்து, ஒரே ஓர் இலை போடுவோம். காதர் பாய் உட்காரட்டும். நாள் விட்டுப் போகாது.

"எனக்கென்ன, தரையிலயா ஒக்கார வெப்ப?" என்றார் காதர் பாய்.

"சேர் போடறேன் மாமா."

திங்கள் மாலை அப்பாவே விறகை இழுத்தார். கடைசிக் கங்குகளை மண் சட்டியில் அள்ளும்போது, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கினார்.

செவ்வாய்

ஆறும்போதுதான் ஆபத்து அதிகம். இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சூட்டில் விரிந்து ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்திருந்த கற்கள், ஆறும்போது சுருங்கிக் கைவிடும். சொல்லியிருந்தால் அணைக்கவே சம்மதித்திருக்க மாட்டார்.

செவ்வாய் காலை மாஸ்டருக்கு லீவு. நான் யூனிட்டுக்கு லீவு. முன்கதவைச் சாத்திக் கயிறு கட்டினேன். எங்கள் கடைக்குப் பூட்டு கிடையாது, தேவைப்பட்டதே இல்லை. பக்கத்து மனையில் தார்ப்பாய், கேஸ் அடுப்பு, ஒரு மேஜை, ஒரு நாற்காலி. மேஜைமேல் சுருட்டியபடி ஒரே ஓர் இலை.

வெளியே நின்றே சத்தம் கேட்டது. கிண் என்று ஒன்று. பிறகு அமைதி. பிறகு இரண்டு. சூளையிலிருந்து வெளியே வந்த பீங்கான் ஆறும்போது இப்படித்தான் ஒலிக்கும். எனக்குப் பழகிய சத்தம். பழகிய சத்தம் பழகாத இடத்திலிருந்து வந்தால் எவ்வளவு கெட்டதாக இருக்கும் என்று அன்று தெரிந்தது.

காதர் பாய் பஸ் இறங்கி வந்தார். நாற்காலியைத் தட்டிப் பார்த்து உட்கார்ந்தார். "என்ன, மாப்பிள்ள கணக்கா ஒக்கார வெச்சுட்டீங்க. பொண்ணு எங்க?"

"மாவு இருக்குது. இட்லிப் பானை உள்ள இருக்குது, எடுத்தாரேன்" என்று அப்பா எழுந்தார்.

"நான் போறேன்பா."

"நீ காதருக்குத் தண்ணி குடு. பின்பக்கமாப் போயி எட்டித்தான் எடுக்கப் போறேன்."

தண்ணீர் ஊற்றினேன். அவர் வரவில்லை. பிறகு சமையல்கட்டுக்குள்ளிருந்து படக் படக் என்று ஒரு சத்தம். அது கல் இல்லை. அடுப்பு மூட்டச் சவுக்கு மிளாரை ஒடிக்கும் சத்தம்.

ஓடினேன்.

அப்பா அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மிளாரை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு மேலே, அவர் அடைத்த பயர் கிளே பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்திருந்தது. விரிசல் இப்போது விரல் நுழையும் அகலம். அதன் உள்ளே கருப்பாக இருந்தது.

"என்னப்பா பண்றீங்க?"

"ஒரு ஈடுதான். கேஸுல வெச்சா அது கடையில வெச்சதா ஆகுமா? இதுல வெச்சு அங்க எடுத்தாந்து குடுத்துடலாம்."

"வெளிய வாங்க."

"நீ போ. புகை வரும்."

"அப்பா, மேல பாருங்க."

அவர் பார்க்கவில்லை. வலது கையைச் சுவரில் வைத்தார். "தொட்டுப் பாரு, இன்னும் சூடா இருக்குது. நான் பொறந்ததுலேர்ந்து இது ஆறி நான் பாத்ததில்ல." சுவரிலிருந்து கையை எடுக்காமலே, "வூட்டுல பொணம் கெடக்குது, நான் இங்க ஒக்காந்து இதே மாதிரி மிளார ஒடிச்சேன். ஒங்க மாமன் காறித் துப்புனான். அன்னைக்கே நிறுத்தாதவன் இன்னைக்கு நிறுத்துனா, அன்னைக்கி செஞ்சதுக்கு என்னா அர்த்தம்?"

கிண் என்று மேலே ஒன்று தெறித்தது. சுண்ணாம்புத் தூள் அவர் தோளில் விழுந்தது. வரிசை போடப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

நான் என்ன சொன்னாலும் அவர் எழுந்திருக்க மாட்டார் என்று மட்டும் தெரிந்தது. உத்தரம் நுழையும் இடத்துக்கு நேர் கீழே மாஸ்டரின் முக்காலி கிடந்தது. போய் அதில் உட்கார்ந்தேன்.

"என்னா பண்ற?"

"இட்லி வேகட்டும்பா. சேந்தே போலாம்."

"ஏந்திரி."

"இல்லப்பா."

"பாப்பா, அங்க ஒக்காராத."

"ஏம்ப்பா? விழாதுன்னுதான சொல்றீங்க? விழாதுன்னா எங்க ஒக்காந்தா என்ன?"

அப்போதுதான் அப்பா முதல்முறையாக அண்ணாந்து பார்த்தார். விரிசலையும், அதன் கீழே என் தலையையும். கையிலிருந்த மிளார் நழுவியது.

உள்ளே எங்கோ, கற்களுக்கு நடுவில், மணல் சரிவதுபோல ஒரு சத்தம் நீளமாகக் கேட்டது.

அப்பா பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். முக்காலி கவிழ்ந்தது. பின்கதவு நிலையில் என் தோள் இடித்தது. மனையில் வந்து நின்ற பிறகும் கையை விடவில்லை.

"அறிவு கெட்ட கழுத" என்றார். அந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

காதர் பாய் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார். அன்று அவரிடமிருந்து ஒரு கேலியும் வரவில்லை. அப்பாவைத் தோளில் தட்டி உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். மதியம் வரை மூவரும் கடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். சத்தம் வர வர மூவர் தலையும் ஒன்றாகத் திரும்பும். பிறகு அவர், "போயிட்டு வரேன்" என்று பஸ் ஏறப் போனார்.

சாயங்காலம் தார்ப்பாயை அவிழ்க்கும்போதுதான் பார்த்தேன். மேஜைமேல் இலை சுருட்டியபடியே கிடந்து வாடியிருந்தது. அன்று யாரும் சாப்பிடவில்லை. எங்களில் யாருக்கும் அது நினைவுக்கே வரவில்லை.

அப்பாவும் பார்த்தார். தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்து மடித்தார்.

புதன்

சுவர் விழவில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். ராத்திரி முழுக்க நின்றது. காலையில் ஏழுமலை வந்தபோதும் நின்றது. "விழும் விழும்னா, விழலயே" என்று அப்பா இன்றும் கடைக்கு வருபவர்களிடம் சொல்வதுண்டு. நான் மறுப்பதில்லை.

ஏழுமலை முதலில் முட்டுகளை நிறுத்தினார். பிறகு ஏணியில் ஏறி, உத்தரம் சுவருக்குள் போகும் இடத்தில் ஒரு கல்லை உருவினார். உளியே தேவைப்படவில்லை. கையோடு வந்தது. அந்த ஓட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டார். மரம் இருக்க வேண்டிய இடம் அது.

கையை வெளியே எடுத்து எங்கள் பக்கம் நீட்டினார். உள்ளங்கை நிறையக் கரித்தூள்.

புகைபோக்கியை ஒட்டியிருந்த மரமுனை வருடக்கணக்கில் கனலாமலே கருகி வந்திருக்கிறது. கடைசி மாதங்களின் ஓயாத வெப்பத்தில் மிச்சமும் போயிருக்கிறது. கூடத்தின் தளம், அதன் மேலிருந்த தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றையும் இவ்வளவு நாள் கரித்தூள் தாங்கியிருக்கிறது. என் காப்பிக்கொட்டை வாசனை அதுதான். நான் விழுவதை மட்டுமே நினைத்துப் பயந்திருந்தேன். பற்றி எரிவதை நினைக்கவே இல்லை.

அப்பா அந்தக் கரியைத் தன் கையில் வாங்கினார். விரலால் நசுக்கினார். பிறகு முக்காலி கவிழ்ந்து கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கையைக் கழுவ அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.

வெள்ளி

படமெடுப்பவர்கள் வந்தார்கள். கேமரா வைத்திருந்த ஓர் இளைஞர், கேள்வி கேட்கும் ஒரு பெண். சமையல்கட்டுச் சுவரைப் பாதி பிரித்துப் போட்டிருந்தார்கள். அடுப்பு செங்கல் குவியலாக இருந்தது. தார்ப்பாயின் கீழ் கேஸ் அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. அவர்கள் முகம் வாடியதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அதற்கு முன்பே காதர் பாய் அப்பாவைத் தனியாக இழுத்துப்போய்ப் பேசிக்கொண்டிருந்தார். "செவ்வாக்கெழம நான் சாப்ட்டேன்னு சொல்லிடறேன்யா. ஒக்காந்தது உண்மதான? எல இருந்தது உண்மதான? நடுவுல இட்லி மட்டுந்தான் இல்ல."

"நீ பட்டினியா பஸ் ஏறிப் போன. அதுதான்யா எனக்குச் சங்கடமா இருக்குது."

அந்தப் பெண் மைக்கைச் சட்டையில் மாட்டிவிட்டுக் கேட்டார்: "ஐயா, இத்தனை வருஷத்துல கடையை ஒரு நாளாவது மூடியிருக்கீங்களா?"

நான் மாவுக் குண்டானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா இல்லை என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தாலும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

"மூடியிருக்கோம்மா. இந்தச் செவ்வாக்கெழம."

"ஏன் ஐயா?"

"எம் பொண்ணு உள்ள ஒக்காந்துட்டா" என்றார்.

அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா மேலே விளக்கவும் இல்லை. ஆளுக்கு ஓர் இலை போட்டு உட்கார வைத்தார். அவர்கள் எடுத்த படம் எங்கும் வந்ததாகத் தெரியவில்லை.

இப்போது புதுச் சுவர். புகைபோக்கி வெளிப்பக்கமாக, தனியாக. தேக்குக்குப் பதில் இரும்பு. முதல்முறை அடுப்பு மூட்டிய அன்று நான் உள்ளங்கையைச் சுவரில் வைத்தபடி நின்றேன். வெதுவெதுப்பு ஏற ஏறப் புதுக் கல்லும் ஒரு சத்தம் போட்டது. புதுக் கல் போடும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். இன்றும் எந்த ஹோட்டலுக்குப் போனாலும் முதலில் தளத்தைப் பார்க்கிறேன், பிறகுதான் என்ன இருக்கிறது என்று கேட்கிறேன்.

அப்பாவுக்கு அப்படியெல்லாம் இல்லை என்றுதான் சொல்வார். ராத்திரி விறகை அவரே இழுத்துவிடுகிறார். ஆனால் புதிதாக யாராவது வந்து, அடுப்புச் சுவரை ஒட்டிய மேஜையில் பையை வைத்தால், கல்லாவிலிருந்து எழுந்து வருகிறார். பையைத் தானே தூக்கித் தெருப்பக்க மேஜையில் வைக்கிறார்.

"இங்க ஒக்காருங்க சார். காத்து வரும்."

அந்தப் பக்கம் ஜன்னலும் கிடையாது, மின்விசிறியும் கிடையாது.